பலிக்காத கோல்

ஒரு காரியம் பலிக்கவில்லை என்றால் அது வீண் என்று சொல்லிவிடுகிறோம். விதைத்தவனைப் பார்த்து, 'எத்தனை மூட்டை கண்டது?' என்றுதான் உலகம் கேட்கிறது. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அதை ஆர்ச்சி ஜெம்மில் என்ற கால்பந்து ஆட்டக்காரரின் முன்னே வைத்துப் பார்க்க எனக்கு ஆசை.

ஸ்காட்லாந்தில், நூலாலைகளுக்குப் பேர்போன பெய்ஸ்லி நகரில் 1947-இல் பிறந்தவர் அவர். குள்ளமான உருவம். நடுக்களத்தில் ஓயாமல் ஓடிப் பந்தைப் பறித்து, முன்னே நிற்பவர்களிடம் சேர்ப்பது அவர் வேலை. புகழெல்லாம் பெரும்பாலும் முன்னே நிற்பவர்களுக்குத்தான். டார்பி கவுண்டி அணியுடன் 1972-லும் 1975-லும், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியுடன் 1978-லும் இங்கிலாந்தின் லீக் பட்டத்தை வென்றார்.

அந்த 1978-ஆம் வருஷம் ஜூன் 11-ஆம் தேதி, அர்ஜென்டினாவில் மென்டோசா நகரில் உலகக் கோப்பை ஆட்டம். பெருவிடம் 3–1 என்று தோற்று, ஈரானுடன் 1–1 என்று சமன் செய்து, ஸ்காட்லாந்து தலைகுனிந்து நின்ற நேரம். அடுத்த சுற்றுக்குப் போக வேண்டுமானால் பலம் வாய்ந்த நெதர்லாந்தை மூன்று கோல் வித்தியாசத்தில் ஜெயித்தாக வேண்டும். 2–1 என்று முந்தியிருந்தபோது, 68-ஆம் நிமிஷத்தில், வலப்பக்கத்தில் ஜெம்மிலின் காலுக்குப் பந்து வந்தது. ஒருவரை ஏய்த்தார், இன்னொருவரைத் தாண்டினார், மூன்றாமவரையும் கடந்தார். எதிரே பாய்ந்த கோல்காவலருக்கு மேலாகப் பந்தை இடக்காலால் தூக்கி வலைக்குள் போட்டார். 3–1. இன்னும் ஒரே ஒரு கோல்தான் வேண்டும்!

சில நிமிஷங்களில் ஜானி ரெப் தூரத்திலிருந்து அடித்த பந்து ஸ்காட்லாந்தின் வலைக்குள் புகுந்தது. 3–2. ஜெயித்த ஸ்காட்லாந்து வீடு திரும்பியது. தோற்ற நெதர்லாந்து இறுதி ஆட்டம் வரை போயிற்று. முதல் இரண்டு ஆட்டங்களில் ஏறிய கடனை, மூன்றாவது நாள் எவ்வளவு அழகாகக் கொடுத்தும் தீர்க்க முடியவில்லை.

இங்கேதான் சிலர் கீதையை எடுத்துக்கொண்டு வருவார்கள். பலனைக் கருதாமல் செய்தார், ஆகையால் உயர்ந்தார் என்பார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. அந்த நேரத்தில் பலனைக் கருதாத ஒருவர் அப்படி ஓடியிருக்க முடியுமா? பற்றற்றவன் முதல் ஆளிடமே பந்தைப் பறிகொடுத்திருப்பான். பலன்மேல் வைத்த தீராத ஆசைதான் அந்தக் கால்களை ஓட்டியது. ஆசை நிறைவேறவில்லை, ஆனால் அது பெற்றெடுத்த செயல் நிறைவாகவே பிறந்துவிட்டது.

மறு வருஷமே இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. 1979 மே மாதம் மியூனிக்கில் ஃபாரஸ்ட் அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றது. முந்திய சுற்றுகளில் ஓடி உழைத்த ஜெம்மிலை, காயம் ஆறிவிட்டது என்று அவர் சொல்லியும், மேலாளர் பிரையன் கிளஃப் அன்று களத்தில் இறக்கவில்லை. மென்டோசாவில் செயல் இருந்தது, பலன் இல்லை. மியூனிக்கில் பலன் வந்தது, செயலுக்கு இடமில்லை. இரண்டில் எதை மக்கள் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்கிறார்கள்? அந்த வீணான கோலைத்தான்.

பலனைக் கேட்காதே என்று யாருக்கும் உபதேசிக்க எனக்குத் தைரியமில்லை. கேட்கட்டும், உயிரைக் கொடுத்துக் கேட்கட்டும். வராமற்போனால், அதற்காகச் செய்த காரியத்தை மட்டும் தூற்றாமல் இருந்தால் போதும்.