பள்ளத்தைப் பார்க்காதே, பாதையைப் பார்!

பழவேற்காடு ஏரியோரப் பசியாவரத்துப் பிள்ளைக்கு இமயமலை எதற்கு?

இந்தக் கேள்வியை உன்னிடம் யார் கேட்டார்கள்? ஊர் கேட்டதா? உறவு கேட்டதா? இல்லை! நீயேதான் கேட்டுக்கொண்டாய்.

லடாக்கில் ஒரு மலைச்சரிவு. சரளைக்கல் பாதை. பைக் மேல் எழுந்து நின்றபடி ஒருவன் ஏறிப் போகிறான். அந்த வீடியோவைக் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறாய். நெஞ்சு படபடக்கிறது.

அடுத்த நொடியே ஒரு பெருமூச்சு. "நமக்கெல்லாம் இது எங்கே?" போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கிறாய்.

நில்! அந்தப் பெருமூச்சுக்கு என்ன காரணம்? ஒவ்வொன்றாகச் சொல். ஒன்றையும் நான் ஏற்கப்போவதில்லை!

"நான் கடலோரத்துக்காரன். மலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?"

இதுதானே முதல் காரணம்?

கரடுமுரடான பாதையில் பைக் ஓட்டுவது என்றால் என்ன? காலுக்குக் கீழே எதுவும் நிலையாக இருக்காது. கல் உருளும். மணல் வழுக்கும். சேறு இழுக்கும். அந்த ஆட்டத்தோடு மல்லுக்கு நிற்காமல் அதன் மேல் நிற்கத் தெரியவேண்டும். அதுதான் முதல் பாடம்!

இது உனக்குத் தெரியாதா? பழவேற்காடு முகத்துவாரத்தைத் தாண்டிப் படகு கடலுக்குள் நுழையும்போது நீ எப்படி நிற்கிறாய்?

முழங்காலை விறைத்துக்கொண்டா நிற்கிறாய்? விறைத்தால் தண்ணீரில் கிடப்பாய் என்று உனக்குத் தெரியும். முழங்காலைத் தளர்த்துகிறாய். உடம்பை அலையோடு விடுகிறாய். கண்ணை மட்டும் அடுத்த அலையின் மேல் வைக்கிறாய்.

மலையில் பைக் ஓட்டுகிறவனும் அதைத்தான் செய்கிறான்! சீட்டிலிருந்து எழுந்து ஃபுட்ரெஸ்ட்டின் மேல் நிற்கிறான். முழங்கால் லேசாக மடிந்திருக்கும். தொடை பெட்ரோல் டேங்கை அணைத்திருக்கும். அடியில் வண்டி துள்ளும், உதறும். மேலே அவன் உடம்பு நிதானமாக இருக்கும்.

பட்டணத்துப் பிள்ளை பணம் கட்டிப் பயிற்சி முகாமில் கற்றுக்கொள்வது இதைத்தான். உன் உடம்பு இதில் பாதியைச் சின்ன வயதிலேயே கற்றுவிட்டது. நீ என்னடாவென்றால் "எனக்கு என்ன தெரியும்?" என்கிறாய்!

சேறு என்றால் என்னவென்று யாராவது உனக்குச் சொல்லித்தர வேண்டுமா? இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி உன் வாசலில் கிடக்கிறது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். தரை தட்டிய படகைத் தள்ளி எடுத்த தோள் உன்னுடையது. இந்தத் தோளா மலைக்குப் பயப்படுகிறது?

"வண்டி வாங்கப் பணம் இல்லை."

இல்லைதான். பொய் என்று சொல்லமாட்டேன். முகத்துவாரத்தை மணல் அடைத்தால் உன் ஊர் அடுப்புகள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் பழகுவதற்குப் பெரிய வண்டி எதற்கு? மீன் பெட்டி கட்டிக்கொண்டு பொன்னேரிக்கு ஓடும் அந்த 100 சிசி வண்டி போதாதா?

கிளட்ச்சைப் பாதி பிடித்து, நடக்கிற வேகத்தில், காலைத் தரையில் ஊன்றாமல் ஓட்டு! எட்டு போடு! எழுந்து நின்று ஓட்டு! நின்றபடியே திரும்பு! இதற்கெல்லாம் மூன்று லட்சம் ரூபாய் வண்டியா கேட்கிறது? 100 சிசி வண்டியிலேயே லடாக் போய் வந்தவர்கள் எத்தனையோ பேர்!

இன்னொன்றும் கேள். நீ சென்னைக்குப் போகும் வழியில்தானே திருவொற்றியூர் இருக்கிறது? அங்கே புல்லட் செய்தார்கள். என்ஃபீல்ட் இந்தியா நிறுவனம் சென்னையில் தொடங்கிய ஆண்டு 1955. எல்லையில் ரோந்து போக இந்திய ராணுவம் தேர்ந்தெடுத்த வண்டி அந்தப் புல்லட்.

2016-இல் வந்ததே ஹிமாலயன், மலைப்பாதைக்கென்றே செய்த வண்டி? அதுவும் நம் தமிழ்நாட்டுத் தொழிற்சாலையில் உருவானதுதான்!

சென்னைப் பக்கத்துச் சமவெளியில் பிறந்த இரும்பு இமயமலை ஏறுகிறது. அதே மண்ணில் பிறந்த நீ ஏறக்கூடாதா?

"பயமாக இருக்கிறது."

இருக்கட்டும்! யாருக்கு இல்லை? பயம் போனபிறகு கிளம்பலாம் என்று காத்திருக்கிறாயா? காத்திருந்தே கிழவனாகிவிடுவாய்!

பயம் உன்னை எங்கே பிடிக்கும் தெரியுமா? கண்ணில்!

ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் கிடுகிடு பள்ளம். நடுவே ஒற்றை வண்டி போகும் அளவுக்குப் பாதை. கண் தானாகப் பள்ளத்தின் பக்கம் போகும். கண் போனால் தலை போகும். தலை போனால் தோள் போகும். தோள் போனால் ஹேண்டில்பார் போகும்.

எதைக் கண்டு பயந்தாயோ, வண்டி அதை நோக்கியே போய் விழும்!

கரட்டுப் பாதையில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் இதைத்தான் ஓயாமல் சொல்வார்கள்: போகவேண்டிய இடத்தைப் பார். முன் சக்கரத்தைப் பார்க்காதே. அந்தப் பெரிய கல்லைப் பார்க்காதே. கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் வழியைப் பார்!

இப்போது சொல். உன் வாழ்க்கையில் நீ எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்?

பரீட்சையில் கோட்டை விட்ட பாடத்தையா? கிடைக்காமல் போன வேலையையா? உன்னைப் பார்த்துச் சிரித்தவன் முகத்தையா? எத்தனை வருடமாகப் பார்க்கிறாய்? பார்த்துப் பார்த்து அந்தப் பக்கமே சாய்ந்துகொண்டிருக்கிறாயே, உறைக்கவில்லையா?

கண்ணைத் தூக்கு!

பயந்தவன் செய்யும் இன்னொரு தவறு உண்டு. சரளையில் வண்டி லேசாக ஆடியதும் பதறிப்போய் ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுவான். முன் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பான். முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அடுத்த கணம் தரையில் கிடப்பான்.

ஆட்டம் வரத்தான் செய்யும். வந்தால் என்ன? கையைத் தளர்த்து. ஆக்ஸிலேட்டரைச் சீராகப் பிடி. மணலில் நின்றவன் புதைவான். நகர்கிறவன் கரையேறுவான்!

"ஒருமுறை விழுந்தேன். போதும்."

போதுமா? யாரிடம் சொல்கிறாய் இதை?

சி.எஸ். சந்தோஷ். பெங்களூருக்காரர். 2013-இல் அபுதாபி பாலைவனப் பந்தயத்தில் அவர் ஓட்டிய வண்டி தீப்பிடித்தது. உடம்பில் தீக்காயம். அதோடு விட்டாரா?

2015-இல் டாக்கர் பந்தயத்தில் இறங்கினார். உலகிலேயே கடுமையான மோட்டார் பந்தயம் என்று பெயர் வாங்கியது அது. அந்த ஆண்டு அர்ஜென்டினா, சிலி, பொலிவியா என்று மூன்று நாடுகள் வழியாக ஓடியது. பொலிவியாவின் உயுனி ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரம். அங்கே இருப்பது உலகின் மிகப் பெரிய உப்புவெளி. மழை பெய்து உப்பு நீர் தேங்கியது. வண்டிகளின் மின்கம்பிகளுக்குள் உப்பு ஏறியது. முன்னணி வீரர்களின் வண்டிகளே நின்றுபோயின.

உப்புத்தண்ணீர் மோட்டாரை என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்லவேண்டுமா?

சந்தோஷ் ஓட்டி முடித்தார்! 36-ஆவது இடம். டாக்கரை முடித்த முதல் இந்தியர். 36-ஆவது இடத்துக்குக் கோப்பை கிடையாது. ஆனால் அதுவரை எந்த இந்தியரும் தொடாத கோடு அது!

2021 ஜனவரியில் சவுதி அரேபியாவில் மறுபடி விழுந்தார். தலையில் அடி. மருத்துவர்கள் கோமா நிலையில் வைத்தே சிகிச்சை தந்தார்கள். அதிலிருந்தும் மீண்டு எழுந்தார்.

உன் முழங்கால் சிராய்ப்பு ஆறிவிட்டதா, இல்லையா?

"நான் பெண். வீட்டில் விடமாட்டார்கள்."

தங்கச்சி, நீயும் கேள். ஐஸ்வர்யா பிஸ்ஸே. இவரும் பெங்களூர்தான். 2018-இல் ஸ்பெயினில் பாஹா என்ற கரட்டுப் பாதைப் பந்தயத்தில் விழுந்தார். கணையம் கிழிந்தது. கணையம்! எலும்பு முறிந்தால் கட்டுப் போடலாம். கணையத்துக்கு எங்கே கட்டுவது?

அடுத்த ஆண்டே திரும்பி வந்தார். அதே ஸ்பெயினிலும் போய் ஓட்டினார். 2019-இல் பாஹா உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவுச் சாம்பியன் ஆனார். மோட்டார் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் ஒரு பெண்!

உன் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்களை நீ பார்த்ததில்லையா? அந்த வலுவைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு "நான் பெண்" என்று எந்த வாயால் சொல்கிறாய்?

வீட்டில் விடமாட்டார்களா? ஒரே நாளில் விடமாட்டார்கள். முதலில் உரிமம் எடு. பிறகு அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துப் பழவேற்காடு சந்தைக்குக் கூட்டிப் போ. உன் நிதானத்தைப் பார்க்கட்டும். நம்பிக்கை கேட்டு வாங்குவது இல்லை. ஓட்டிக்காட்டி வாங்குவது!

"இது பெரிய ஊர்க்காரர்கள் விளையாட்டு."

ஷொர்ணூர் பெரிய ஊரா? பாரதப்புழைக் கரையில் இருக்கும் கேரளத்து ஊர். அங்கிருந்து வந்தவர் ஹரித் நோவா. அந்த ஊரில் பாலைவனம் உண்டா? மணல் குன்று உண்டா?

2021 டாக்கரில் 20-ஆவது இடம். 2024-இல் ஒட்டுமொத்தமாக 11-ஆவது இடம், ரேலி 2 பிரிவில் முதல் இடம்! டாக்கரில் ஒரு பிரிவை வென்ற முதல் இந்தியர். அவர் ஓட்டிய அணியின் பெயர் ஷெர்கோ டிவிஎஸ். டிவிஎஸ் தொழிற்சாலை எங்கே? நம்ம ஓசூரில்!

இன்னும் என்ன காரணம் மிச்சம் இருக்கிறது? சொல்!

சொல்ல எதுவும் இல்லையென்றால் வேலையைக் கேள். ஆசை மட்டும் மலை ஏற்றாது. வேலைதான் ஏற்றும்!

முதல் வேலை, விழுந்த வண்டியைத் தூக்கக் கற்றுக்கொள். ஹிமாலயன் போன்ற வண்டி கிட்டத்தட்ட 200 கிலோ. கையால் இழுத்தால் முதுகு போய்விடும். எஞ்சினை அணை. கியரில் போடு. வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்துக் குந்து. ஒரு கை ஹேண்டிலில், மறுகை பின்கம்பியில். முதுகை நிமிர்த்திக் காலால் உந்தி எழு. வண்டி தானாக நிமிரும்!

தூக்கத் தெரிந்தவனுக்கு விழுவதில் பாதிப் பயம் போய்விடும். வாழ்க்கையிலும் அப்படித்தான். விழாமல் இருக்க வழி தேடாதே. எழும் வித்தையைப் படி!

இரண்டாவது வேலை, பக்கத்து மலையில் தொடங்கு. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. தார்ச்சாலைதான். இருக்கட்டும்! வளைவுக்குள் நுழையும்போது அதன் முடிவைப் பார்க்க அங்கே பழகு. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியைத் திருப்பாதே. அது வீரம் இல்லை.

மூன்றாவது வேலை, பொறுமை. ஆமாம், பொறுமை! வீராப்பில் கிளம்புகிற தம்பிக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

லே நகரம் 3,500 மீட்டர் உயரம். கார்துங் லா கணவாய் 5,359 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், உன் ஏரிக்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதிதான். வண்டிக்கும் மூச்சு முட்டும். எஞ்சின் இழுவை குறையும். லேயில் இரண்டு நாளாவது ஓய்வெடு. தண்ணீர் குடி. தலை வலித்து, குமட்டல் வந்தால் மேலே ஏறாதே. வலி கூடினால் உடனே கீழே இறங்கு!

இறங்குவது தோல்வியா? கடல் சரியில்லாத நாளில் உன் அப்பா படகைக் கரையில் வைத்தாரே, அவர் தோற்றுப்போனவரா?

வழியில் ஓடைகள் குறுக்கிடும். காலையில் கணுக்கால் அளவு ஓடும். வெயில் ஏறினால் பனி உருகும். பிற்பகலில் அதே ஓடை முழங்காலைத் தாண்டிச் சீறும். தெரிந்தவன் விடிந்ததும் கடந்துவிடுவான். தூங்கி எழுந்து சோம்பல் முறித்துப் போனவன் அக்கரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

நீ எந்தப் பக்கம் நிற்கப்போகிறாய்?

2021-இல் லடாக்கின் உம்லிங் லா சாலைக்கு அதன் உயரத்துக்காகக் கின்னஸ் சான்று கிடைத்தது. 19,024 அடி உயரம். எவரெஸ்ட்டின் தெற்கு அடிவார முகாமைவிட உயரம்! அந்தக் குளிரில், அந்தக் காற்றில், எல்லைச் சாலை அமைப்பின் தொழிலாளிகள் கல் உடைத்துத் தார் போட்டிருக்கிறார்கள். அந்த உயரத்தில் மனிதன் சாலையே போட்டுவிட்டான். அதில் போய்வர உனக்கு என்ன தயக்கம்?

மலை உன்னை "எந்த ஊர், என்ன சாதி, அப்பா என்ன செய்கிறார்" என்று கேட்காது. நிற்கத் தெரியுமா? பார்க்கத் தெரியுமா? விழுந்தால் எழத் தெரியுமா? மூன்றே கேள்விகள்தான். மூன்றுக்கும் பதிலை இன்றைக்கே பழகத் தொடங்கலாம்!

ஒருவேளை உன் மலை லடாக்கில் இல்லாமல் இருக்கலாம். கல்லூரியாக இருக்கலாம். கடனில் வாங்கப்போகும் சொந்தப் படகாக இருக்கலாம். எதுவானால் என்ன? விதி ஒன்றுதான். கண் போன பக்கம்தான் நீ போவாய்!

இன்று மாலை பக்கத்துக் கூனங்குப்பத்திலோ அரங்கம்குப்பத்திலோ ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு திடலைத் தேடு. ஹெல்மெட்டை மாட்டு. பட்டையை இறுக்கு. முதல் கியரில் போடு. எழுந்து நில்!

ஆடும். ஆடட்டும்! சாயும். சாயட்டும்! விழுந்தால் தூக்கு. தூக்கி மறுபடி ஏறு.

எங்கே போகவேண்டுமோ அங்கே பார். கிளம்பு!