ஜன்னலுக்கும் கூலி உண்டா?

பூசாத செங்கல் சுவரின் முன் டேப் பிடித்து நிற்கும் மேஸ்திரி, இன்னும் அங்கே வராத ஒரு பூச்சைத்தான் அளக்கிறார். 100 சதுர மீட்டர் சுவர், 12 மில்லிமீட்டர் கனம். ஈரக் கலவை 1.2 கன மீட்டர்.

அந்த வராத பூச்சுக்குத் தர்க்க சாஸ்திரத்தில் ஒரு பெயர் உண்டு: பிராகபாவம். ஒன்று உண்டாவதற்கு முன்பிருக்கும் அதன் இன்மை. அதற்குத் தொடக்கம் கிடையாது, முடிவு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்கசங்கிரகம் அனைத்தையும் ஏழு பதார்த்தங்களில் அடக்குகிறது. ஏழாவது, அபாவம், அதாவது இன்மை. திரவியம், குணம் இருக்கும் அதே வரிசையில் இன்மைக்கும் இடம் கொடுத்தது பெரிய துணிச்சல்.

மீமாம்சை என்ற இன்னொரு தத்துவ மரபில் பிரபாகரர் வழி வந்தவர்கள் இதை ஏற்கவில்லை. தரையில் குடம் இல்லை என்றால், கண்டது வெறுந்தரை. அதற்கு மேல் இன்மை என்று தனியாக ஏது?

இந்த வழக்கு ஜன்னலில் கூர்மையாகிறது. பூச்சு வேலையை அளக்கும் இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1200, பகுதி 12. அதன்படி அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்பைக் கழிப்பதில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இருபுறமும் ஒரே பூச்சு என்றால், ஒரு பக்கத்தை மட்டுமே கழிக்க வேண்டும். மூன்றடிக்கு ஏழடி வாசல் சுமார் 1.95 சதுர மீட்டர். அதன் மறுபக்கத்துக்குக் கூலி உண்டு. இல்லாத சுவருக்கா என்று வீட்டுக்காரர் கேட்பது நியாயமே. ஆனால் திறப்பின் உள்விளிம்புகளைப் பூச வேண்டும், தூக்குக்குண்டு பிடித்து மூலை எடுக்க வேண்டும். நேரம் தின்னும் வேலை அது.

பிரபாகரர் தரப்பு விடாது: கூலி விளிம்புக்கு, ஓட்டைக்கு அல்ல. உண்மைதான். ஆனாலும் சுவர் இல்லாத இடம் இத்தனைக்கு இத்தனை என்று அளக்காமல் அந்த விளிம்பின் நீளம் கிடைக்காது. இன்மைக்கு இடமும், எதனுடைய இன்மை என்ற குறிப்பும் உண்டு என்ற தர்க்க சாஸ்திரத்தாரான நையாயிகர்களின் வாதம்தான் இங்கே வலுவாக நிற்கிறது.

மணலுக்குள்ளும் இன்மை இருக்கிறது. துகள்களின் இடுக்கில் காற்று. தண்ணீர் விட்டுக் குழைத்தால் சிமென்ட் அதற்குள் இறங்கிக் கலவை சுருங்கும். அதனால் 1.2 கன மீட்டருக்கு, உலர்ந்த நிலையில் சுமார் 1.6 வாங்க வேண்டும். ஒன்றுக்கு ஆறு கலவையில் ஏறத்தாழ ஆறரை மூட்டை சிமென்ட், 1.37 கன மீட்டர் மணல். செங்கல் இடுக்குக்கும் சிந்துவதற்கும் தனி.

இந்தக் காற்றைக் கணக்கில் சேர்க்காமல் 1.2 மட்டும் இறக்கியவர் வீட்டில், 100 சதுர மீட்டரில் 25 பூசாமலே நிற்கும்.