ஏவலும் அறிவும்

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என்னும் நான்கினையும் மருத்துவத்தின் கூறுகளாக வகுத்து நிறைவெய்துகிறது. உழைச்செல்வான் என்பான் நோயாளியின் அருகிருந்து மருந்தூட்டிப் பேணுபவன். இக்காலத் தாதியின் முன்னோடி எனலாம். இந்நான்கிற்கும் நந்நான்கு இயல்புகளை உரைக்கும் பரிமேலழகர், உழைச்செல்வானுக்குரியனவாக நோயாளிமாட்டு அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் ஆற்றல், அறிவு என்பவற்றைக் குறிப்பர். முதலிரண்டும் தம்முள் இயைந்து நிற்பன. பின்னிரண்டும் அவ்வாறல்ல. சொல்லியவாறே செய்பவனுக்கு அறிவு எதற்கு? அறிவுடையவன் எப்பொழுதும் சொல்லியவாறே செய்தல் இயலுமா? உரையாசிரியர் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தனரேயன்றி, இவை முரணுமிடத்து எது முந்தவேண்டும் என்பதனைக் கூறினாரல்லர்.

இவ்வினாவைப் பெருநகர வைத்தியசாலைகளில் வைத்து ஆராய்வதிலும், வில்கமுவ போன்றதோர் இடத்தில் வைத்து ஆராய்தல் பொருத்தமுடையது. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையில், மகாவலி ஆற்றையும் வஸ்கமுவ தேசிய பூங்காவையும் அண்டிக் கிடக்கும் இப்பிரதேசம் நெல்லாலும் சேனையாலும் வாழ்வது. யானையும் பாம்பும் இங்கு அன்றாட வாழ்வின் பகுதிகள். பெரிய வைத்தியசாலைகள் தொலைவில் உள. எனவே இங்குள்ள ஒரு சிறு விடுதியில் இரவுக் கடமையிலிருக்கும் தாதியின் கண்ணே பல வேளைகளில் முதற் கண்ணாகிறது.

அத்தகைய ஓர் இரவை எண்ணிப் பார்க்கலாம். விடியற்சாமத்தில் இளைஞனொருவன் வயிற்றுவலி என்று கூறி வருகிறான். காயமில்லை, வீக்கமில்லை. வைத்தியர் பார்த்து, வலிக்கு மருந்தெழுதி, காலைவரை வைத்திருக்குமாறு பணித்துச் செல்கிறார். பணிப்பில் பிழையேதுமில்லை. ஆயின், மருந்து கொடுக்கச் சென்ற தாதி அவன் தரையில் பாய் விரித்து உறங்கியவன் என்பதனைப் பேச்சுவாக்கில் அறிகிறாள். அரை மணி நேரத்தின் பின்னர் அவனது இமைகள் சற்றே தாழ்ந்திருப்பனபோலத் தோன்றுகின்றன. அது உறக்கச் சோர்வாகவும் இருக்கலாம். கட்டுவிரியன் கடியாகவும் இருக்கலாம். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரையே தீண்டும். கடித்த இடத்தில் வலியும் தழும்பும் தெரியாதிருத்தல் உண்டு. வயிற்றுவலியே பலருக்கு முதற்குறி. அடுத்து இமை தாழும், விழுங்குதல் கடினமாகும், இறுதியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். அந்நிலை வந்தபின் நஞ்செதிர் மருந்து அதனை எளிதில் மீட்பதில்லை. செயற்கைச் சுவாசமே உயிரைத் தாங்கவேண்டும். அவ்வசதி தொலைவிலுள்ளதாயின் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியுடையது.

இங்குத் தாதி கற்ற அறிவு எத்தகையது? இமை தாழ்ந்துள்ளது என்பது அளவுகோலாற் பெற்ற முடிபன்று. ஒரு மணி நேரத்திற்கு முன் கண்ட முகத்தோடு இப்பொழுது காணும் முகத்தை ஒப்பிட்டதாற் பெற்றது. முன்னைய முகத்தைக் கண்டவள் அவளே. 1859 இல் வெளிவந்த தமது தாதியியல் நூலில் பிளோரன்ஸ் நைற்றிங்கேல் நோயாளரை உற்றுநோக்குதலுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியமை இதனாலேயே போலும். 1984 இல் பற்றீஷியா பென்னர், தேர்ந்த தாதியர் விதிகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாராது நிலைமையை முழுமையாக உணர்கின்றனர் என்றும், புதியவர் விதியைப் பற்றியே நடக்கின்றனர் என்றும் படிநிலைகளாக வகுத்துக் காட்டினார். அக்கருத்தில் உண்மையுண்டு. எனினும் அதிலோர் ஆபத்தும் உண்டு. உணர்வு என்று பெயரிட்டதும் அது வினாவுக்கப்பாற்பட்டதாகிவிடுகிறது. முப்பதாண்டு அனுபவமுடையவர் முப்பதாண்டுகளாக ஒரே தவற்றையும் செய்திருக்கக்கூடும்.

ஆதலின் விதியை இகழ்தல் தகாது. பாம்புக்கடிக்குரிய இருபது நிமிடக் குருதியுறைதற் சோதனை இதற்குச் சான்று. சிறிதளவு குருதியை உலர்ந்த, தூய கண்ணாடிக் குழாயிலிட்டு, இருபது நிமிடம் அசையாது வைத்து, பின் ஒருமுறை சாய்த்துப் பார்த்தல் வேண்டும். உறையாவிடின் விரியன் நஞ்சு குருதியிற் கலந்துள்ளது எனக் கொள்ளப்படும். சவர்க்காரமிட்டுக் கழுவிய குழாயாயின் நலமுள்ள குருதியும் உறையாதிருக்கலாம். பன்னிரண்டாம் நிமிடத்திற் குழாயைச் சாய்த்துப் பார்த்தால் விடை பொய்க்கலாம். இருபது நிமிடம் காத்திருத்தல் என்பது கேட்பதற்கு எளிது. விடுதியில் மற்றொருவர் அழைத்துக்கொண்டிருக்க அதனைச் செய்வது எளிதன்று. இங்கே சொல்லியவாறே செய்தல் அடிமைத்தனமன்று, அதுவே அறிவு.

நஞ்செதிர் மருந்தும் தீங்கற்றதன்று. இலங்கையில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வொன்றில், அம்மருந்து பெற்ற 1007 நோயாளருள் நால்வருள் மூவர் என்னுமளவில் எதிர்விளைவு கண்டனர். முன்கூட்டிச் சிறிதளவு அட்ரினலின் ஏற்றுதல் கடுமையான எதிர்விளைவைக் குறைக்கும் என்பதும், வழக்கமாகக் கொடுக்கப்பட்டு வந்த வேறிரு மருந்துகள் அவ்வாறு பயன் தரவில்லை என்பதும் அதிற் புலனாயின. பல்லாண்டு அனுபவத்தின் நம்பிக்கையைத் திருத்தியது அவ்வாய்வு. மேலும், இங்கு வழங்கும் இந்திய நஞ்செதிர் மருந்து, இந்நாட்டில் மிகுதியாகக் கடிக்கும் குணகடுவா என்னும் விரியனின் நஞ்சை முறிப்பதில்லை. பாம்பு எதுவென அறியாது கொடுத்தால், பயனின்றித் துன்பம் மட்டும் எஞ்சுதலும் கூடும்.

இவ்வாறு நோக்குமிடத்து விதி என்பது பலர் முன்னரே செய்து முடித்த தீர்மானம் எனலாம். ஆயின் எந்த விதியும் தான் பொருந்தும் நோயாளி இவனே என்று சுட்டிக் காட்டாது. இமை தாழ்ந்தால் வைத்தியரை அழைக்க என்று எழுதலாம். இது தாழ்ந்த இமை என்று எழுதவியலாது. பரிமேலழகர் வைத்த நான்காம் இயல்பு இவ்விடைவெளியிலேயே தொழிற்படுகிறது. அறிவு ஏவலை மறுப்பதற்கன்று, ஏவல் எக்காட்சியை நோக்கிப் பிறந்ததோ அக்காட்சி மாறிவிட்டது என்பதை ஏவியவருக்கு அறிவிப்பதற்கு உரியது. காலைவரை வைத்திருக்க என்ற பணிப்பு வயிற்றுவலிக்காரனுக்கு எழுதப்பட்டது. இமை தாழ்ந்தவனுக்கு அன்று.

இது தீர்வுபோலத் தோன்றினும் முழுமையான தீர்வன்று. வில்கமுவ, காரணம் இன்னும் ஐயமறத் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயால் வருந்தும் பிரதேசங்களுள் ஒன்று. அவ்விளைஞனுக்கு இரு கட்டில்கள் அப்பால், அந்நோய் முற்றிய கமக்காரர் ஒருவர் மூச்சுத்திணறலோடு, சிறிது நேரம் அருகில் இருக்குமாறு வேண்டுவாராயின், ஒரே தாதி யாருக்கு உரியவள்? அவரருகில் இருத்தல் அவரைக் குணப்படுத்தாது. ஆயின் அதுவும் பேணலே. இளைஞனின் இமையைக் காத்திருந்து நோக்கினால் முதியவர் தனித்துத் திணறுவார். எந்த வைத்தியரையும் அழைத்து இதற்கு விடை பெறவியலாது. எந்த விதியும் இதனை ஏற்றுக்கொள்ளாது. அவள் இளைஞனிடம் செல்வாள். அதுவே சரி என்பதில் ஐயமில்லை. ஆயினும் சரியானதைச் செய்தமையால் முதியவர்க்கு இழைக்கப்பட்ட குறை இல்லாதொழிவதில்லை என்பதனை அறநூலார் பலர் மறந்துவிடுகின்றனர்.

இன்னுமொன்று. தாதி வைத்தியரை எழுப்பி, இமைத் தாழ்வு வெறும் உறக்கமே எனத் தெரியவந்தால், அந்நிகழ்ச்சி விடுதியிற் பலநாள் நகைப்புக்குரியதாகும். எழுப்பாதுவிட்டு இளைஞன் இறந்தாலோ, பணிப்பு அவ்வாறே நிறைவேற்றப்பட்டது என அட்டையிற் பதிவாகும், குறைகாண யாருமிலர். எழுப்பியதற்கு நகைப்பும், எழுப்பாமைக்குப் பாதுகாப்பும் தரும் ஓரிடத்தில், துணிவு இல்லாத தாதியை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. நள்ளிரவில் வீணாக எழுப்பப்பட்ட வைத்தியர் மறுநாட் காலையில் அவளிடம் கூறும் முதற் சொல்லும், அடுத்த இரவில் அவள் எடுக்கும் தீர்மானத்தில் ஒரு பங்கு வகிக்கிறது.