பூதத்துக்கு யார் முகம்?

இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில், தொழிற்சாலைப் புகை படிந்த அஸ்டன் பகுதியைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் 1968இல் ஓர் இசைக்குழுவைத் தொடங்கினார்கள். அவர்கள் ஒத்திகை பார்த்த இடத்துக்கு எதிரே ஒரு படமாளிகை. திகில் படம் ஓடும் நாட்களில் அங்கே சனம் வரிசையில் நிற்பதைக் கண்டு, பயப்படுவதற்கும் மனிதர்கள் காசு கொடுக்கிறார்களே என்று வியந்தார்களாம். மரியோ பாவா 1963இல் இயக்கிய ஒரு திகில் படத்தின் ஆங்கிலப் பெயரைப் பின்னர் தம் குழுவுக்கே சூட்டிக்கொண்டார்கள்: பிளெக் சபத். 1970 பெப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, அவர்களது முதல் இசைத்தட்டு வெளிவந்தது. முதற் பாட்டுக்கும் அதே பெயர். மழைச் சத்தம், தூரத்தில் ஒரு மணியோசை, பிறகு மூன்றே சுரங்களில் ஊர்ந்து வரும் கிற்றார்.

அந்த மூன்று சுரங்களில் ஒரு சங்கதி இருக்கிறது. ஸட்ஜத்திலிருந்து பிரதி மத்திமம் வரையுள்ள தூரம் அது. ஐரோப்பிய இசைக்காரர்கள் அதற்கு 'இசையிலுள்ள சாத்தான்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நம் பக்கத்தில் அதே பிரதி மத்திமம் கல்யாணி ராகத்தில் வருகிறது. கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் அதை வாசிக்கும்போது யாரும் காதைப் பொத்திக்கொண்டதாக நான் அறியேன். சாத்தானைச் சுரத்துக்குள் தேடுவது வீண் வேலை.

இந்தப் பாட்டைச் சாத்தான் வழிபாடு என்று சொன்னவர்கள் அநேகர். கேட்டவர்களுக்குத் தெரியும்: அதில் பாடுகிறவன் ஒரு கறுப்பு உருவத்தைக் கண்டு நடுங்கி, இறைவனிடம் உதவி கேட்டுக் கதறுகிறான். ஷைத்தானைக் கண்டு ஓடுகிறவனை ஷைத்தானின் ஆள் என்று எப்படிச் சொல்வது? 1982இல் அயன் மெய்டன் என்ற இன்னொரு குழு, பைபிளின் கடைசி நூலில் வரும் மிருகத்தின் எண்ணைத் தலைப்பாக வைத்து ஒரு பாட்டுக் கட்டியது. வீடியோவில் பழைய திகில் படங்களின் துண்டுகளை ஒட்டியிருந்தார்கள். அமெரிக்காவில் அவர்களுடைய இசைத்தட்டுகளைக் கூட்டம் கூட்டிக் கொளுத்தினார்கள். குழுவைச் சேர்ந்த ஒருவர் படம் பார்த்துவிட்டுக் கண்ட கெட்ட கனவுதான் அந்தப் பாட்டுக்கு மூலம்.

வாத்தியம் கூடுமா கூடாதா என்ற பழைய விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதைப் பேச ஆலிம்கள் இருக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் அதற்கென்றே ஒரு பகுதியை எழுதி வைத்திருக்கிறார். இசை உள்ளத்தில் புதிதாக எதையும் கொண்டுவந்து வைப்பதில்லை, ஏற்கெனவே இருப்பதைத்தான் கிளறுகிறது என்பது அவர் கொண்ட கருத்து. என் கேள்வி அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. கிளறத்தான் செய்கிறது என்றால், அச்சத்தை வேண்டுமென்றே கிளறுவது நியாயமா? இருட்டையும் பேயையும் இரத்தத்தையும் காட்டிப் பாட்டுக் கட்டுகிறவன் மனிதருக்கு ஏதாவது செய்கிறானா, அல்லது கெடுக்கிறானா?

இது பேர்மிங்ஹாம் சமாசாரம், பதுளைக்கு என்ன என்று கேட்கலாம். பிளெக் சபத்தின் கிற்றார்காரர் டோனி அயோமி, 17 வயதில் தகட்டுத் தொழிற்சாலை இயந்திரத்துக்கு வலக்கையின் இரண்டு விரல் நுனிகளைக் கொடுத்தவர். இடக்கைக்காரரான அவருக்குத் தந்தியை அழுத்தும் விரல்கள் அவை. பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். பின்னாளில் தந்திகளின் இறுக்கத்தையும் தளர்த்தினார். ஒலி இன்னும் கனத்தது. இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் பசறை வீதியிலுள்ள ஒரு தோட்டத்துப் பையன். கவ்வாத்துக் கத்தியையும் தேயிலைத் தொழிற்சாலை ரோலரையும் பார்த்து வளர்ந்தவனுக்கு அது தூரத்துக் கதையாகத் தெரியவில்லை.

அவனும் என் தங்கையின் மகனும் இன்னும் இருவருமாகப் பதுளை நகரில் ஒரு கடையின் மேல்மாடியில் வாசித்துப் பழகுகிறார்கள். மருமகன் என்னை மாமா என்பான். அந்தப் பையன் சேர் என்பான், அவன் அப்பா என்னிடம் படித்தவர். பெற்றோருக்குத் திருப்தியில்லை. பதுளையில் ஒரு முஸ்லிம் பையனும் ஒரு லயத்துப் பையனும் தலைமயிர் வளர்த்துக்கொண்டு பேயைப் பற்றிப் பாடினால் யாருக்குத்தான் திருப்தி வரும்? அவர்கள் கட்டியிருக்கும் பாட்டின் பெயர் 'கிரீஸ்'. மூடிக்கிடக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் அதற்கு வீடியோ எடுக்க வேண்டுமாம். திகில் பட பாணியில்.

2011 ஓகஸ்ட் மாதத்தில் இவர்களுக்கு ஐந்தாறு வயதிருக்கும். எனக்கு அந்த மாதம் நன்றாக நினைவிருக்கிறது. ரமழான் மாதமாகவும் இருந்தது. உடம்பில் கிரீஸ் பூசிக்கொண்டு, பிடித்தால் வழுக்கி ஓடும் கள்ளனைப் பற்றிய பழைய கதை ஒன்று சிங்களவரிடம் உண்டு; கிரீஸ் யக்கா என்பார்கள். அந்த வருடம் அது நாடு முழுக்க நடமாடத் தொடங்கியது. நாம் கிரீஸ் பூதம் என்றோம். பத்திரிகைகள் மர்ம மனிதன் என்று எழுதின. பெண்களைத் தேடி வருகிறான், நகத்தால் கீறுகிறான், காலில் ஸ்பிரிங் கட்டிக்கொண்டு கூரைக்குக் கூரை பாய்கிறான். தராவீஹுக்கு ஆண்கள் பள்ளிக்குப் போனால் வீட்டில் பெண்கள் தனித்திருக்கப் பயந்தார்கள். சஹருக்கு எழும்பிக் கொல்லைக் கதவைத் திறக்க ஆளுக்கு ஆள் துணை. லயங்களில் ஆண்கள் தடியும் டோர்ச்சுமாக விடிய விடியக் காவல் இருந்துவிட்டுக் காலையில் தூக்கக் கலக்கத்தோடு பிரட்டுக்குப் போனார்கள். நான் விசாரித்த ஒருவராவது தாம் கண்டதாகச் சொல்லவில்லை. மச்சாள் கண்டாள். பக்கத்துத் தோட்டத்தில் கண்டார்கள். பசறையில் பிடித்தார்கள், பொலிஸ் விட்டுவிட்டது.

ஹப்புத்தளைப் பக்கம் பூதம் என்று நினைத்து இரண்டு மனிதர்களைக் கொன்றுபோட்டார்கள். அதே மாதம் புத்தளத்தில் கூட்டம் ஒன்று ஒரு போக்குவரத்துப் பொலிஸ்காரரைக் கொன்றது. அது நம்மவர் வாழும் ஊர். துரத்தப்பட்டவர்கள் படை முகாம்களுக்குள் ஓடி மறைந்ததைக் கண்டதாகக் கிழக்கில் மக்கள் சொன்னார்கள். யாரோ சில விஷமிகள் உண்மையாகவே நடமாடியும் இருக்கலாம். அதெல்லாம் விசாரித்து அறிய வேண்டிய காரியம். ஹப்புத்தளையில் செத்த இருவருக்கு அந்த விசாரணை கிடைக்கவில்லை.

அந்த வதந்தியை உண்டாக்கியவர் யார் என்று இன்றும் யாரும் சொல்ல முடியாது. அதற்குத் தொடக்கம் இல்லை, கையொப்பம் இல்லை, இத்தோடு முடிந்தது என்று சொல்ல ஆளில்லை. குர்ஆனின் கடைசி சூறா பாதுகாப்புத் தேடச் சொல்வது ஊசாடுபவனின் தீங்கிலிருந்து. அவன் ஜின் இனத்தவனாகவும் இருக்கலாம், மனிதனாகவும் இருக்கலாம் என்பதும் அங்கே வருகிறது. ஊசாடிவிட்டு மறைந்துகொள்வது அவன் குணம். வதந்திக்கும் அதே குணந்தான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் தோட்டத்துக் காமன் கூத்தை வைத்துப் பார்க்கிறேன். மாசி மாதத்தில் கம்பம் ஊன்றித் தொடங்கும். ரதி, மதன், ஈசன், வீரபத்திரன், எமன் என்று ஒவ்வொரு வேஷமாக வரும். வீரபத்திரன் இறங்கும்போது தப்பு அடிக்கிற அடியில் சின்னப் பிள்ளைகள் அலறிக்கொண்டு தாயின் சேலைக்குள் ஒளிவார்கள். சில பெரியவர்களுக்கே உரு வந்துவிடும். ஆனால் காலையில் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போகிற நாலாம் காம்பிரா அண்ணன்தான் எமன் என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரியும். பயம் உண்மை, பூதம் வேஷம். கூத்து முடிந்ததும் அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார். 2011இல் நடந்தது இதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது: வேஷம் போடாத மனிதன் பூதமானான், அவன் முகத்தைக் கழுவ யாரும் அவகாசம் கொடுக்கவில்லை.

மைக்கல் ஜாக்சனின் 'திரில்லர்' வீடியோவை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1983இல் வந்தது, பிணங்கள் புதைகுழியிலிருந்து எழுந்து ஆடும். அப்போது அவர் யெகோவாவின் சாட்சிகள் சபையில் பற்றுள்ளவர். பேய் பிசாசு நம்பிக்கையை இந்தப் படம் ஆதரிக்கவில்லை என்று தம் பெயராலேயே ஓர் அறிவித்தலைப் படத்தின் தொடக்கத்தில் போட்டார். பலர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை. இதைச் செய்தவன் நான், இது கதை என்று சொல்லிவிட்டுப் பயமுறுத்துகிறவனிடம் ஒரு நாணயம் இருக்கிறது.

வதந்திக்காரனிடம் அது கிடையாது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டுக் குளிசை கலந்து கொடுக்கிறார்கள் என்று கிளப்பிவிட்டுக் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். உணவில் கிடந்தது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு அறிக்கை கொடுத்தார். அறிக்கை வரும்போது திகனயும் எரிந்து முடிந்திருந்தது. அந்தக் குளிசைக் கதையைப் போல ஒரு திகில் கதையை எந்த ரொக் குழுவும் கட்டவில்லை. கறுப்பு உடுப்பில்லை, கிற்றார் இல்லை; சாதாரண மனிதர்கள் கைத்தொலைபேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டது.

ஆகவே திகில் பாட்டுக்காரன் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. பையன்கள் காட்டிய முதற் கதையில் பூதம் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை கறுப்புத் துணி. கண் மட்டும் தெரியும். ஏதோ வெளிநாட்டுப் படத்திலிருந்து எடுத்தது, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மருமகன் பேசாமல் இருந்தான். பதுளை பஸாரில் இதைப் பார்க்கிறவனுக்கு யார் ஞாபகம் வரும் என்று கேட்டேன். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, அதே மாதம் 29ஆம் திகதி அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகம் மூடுவதைத் தடைசெய்தபோது, முகம் மூடாத நம் பெண்களும் பஸ்ஸில் ஏறத் தயங்கிய நாட்கள் அவனுக்கு நினைவிருக்கும். தோட்டத்துப் பையன் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். பூதம் எவ்வளவு பயங்கரம் என்பது சிறிய கேள்வி. யாருடைய முகத்தை அதற்குக் கொடுக்கிறாய் என்பதில்தான் பாவமும் புண்ணியமும் இருக்கிறது.

முகத்தை மாற்றி வைத்த ஒரு வீடியோவைப் பற்றி அவர்களிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து லண்டன் சென்ற மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிறவர், 2010 ஏப்ரலில் 'போர்ன் ஃப்ரீ' என்ற பாட்டை வெளியிட்டார். சூசைட் என்ற நியூயோர்க் ரொக் இரட்டையரின் 1977ஆம் ஆண்டு இசையை அடியில் ஓடவிட்டிருந்தார். ரொமெய்ன் கவ்ராஸ் இயக்கிய ஒன்பது நிமிட வீடியோ. ஆயுதப் பொலிஸ் வீடு புகுந்து ஆட்களைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிப் பாலைவனத்துக்குக் கொண்டுபோகிறது. பிடிபடுகிறவர்கள் எல்லோரும் செந்தலை மயிர் கொண்ட வெள்ளைக்கார இளைஞர்கள். ஒரு சிறுவனின் தலையில் சுடுகிறார்கள். மற்றவர்களைக் கண்ணிவெடி நிலத்தில் ஓடவிடுகிறார்கள். யூடியூப் அதற்குக் கட்டுப்பாடு விதித்தது, உலகம் அருவருத்தது. அதற்கு முந்திய வருடம் இலங்கையில் கைகள் கட்டப்பட்ட மனிதர்கள் நிர்வாணமாகச் சுடப்படும் காட்சியை பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பியிருந்தது. நிஜத்துக்கு வராத அருவருப்பு நடிப்புக்கு வந்தது.

அந்தச் சிறுவன் விழும் காட்சியை இரண்டாவது தடவை பார்க்க எனக்கு மனம் வரவில்லை, யாரையும் பார்க்கச் சொல்லவும் மாட்டேன். அது எடுக்கப்பட்டிருக்கக் கூடாது என்றும் சொல்ல மாட்டேன். கொல்லப்படுகிறவனுக்குப் பார்க்கிறவனின் சொந்தப் பிள்ளையின் முகத்தைக் கொடுத்தது அது. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவயில் 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி புனர்வாழ்வு முகாமொன்றில் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களை ஊர்க்கூட்டம் வெட்டியும் எரித்தும் கொன்றது, காவலுக்கு நின்ற பொலிசாரின் கண்முன்னே. தண்டனை பெற்றிருந்தவர்களை 2005இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஊவாவில் அதைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டியதாக நான் கேள்விப்படவில்லை. இருட்டைப் பாட வேண்டாம் என்கிறவர்கள், இருட்டு நடந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லலாம்.

பையன்கள் கதையை மாற்றியிருக்கிறார்கள். இப்போது பூதமே வராது. கமெரா துரத்தப்படுகிறவனின் தோளுக்குப் பின்னால் ஓடுகிறது. டோர்ச் வெளிச்சங்கள் நெருங்கி வருகின்றன. இதிலும் எனக்கு ஒரு தடை உண்டு. செத்த இருவருக்கும் வீட்டார் இருப்பார்கள், பதினைந்து வருடத்தில் ஆறாத காயம் அது. பெயர், இடம், அடையாளம் ஒன்றும் வரக்கூடாது என்றேன். பெயரில்லாமல் பாடினால் பிறகு அதுவும் ஒரு வதந்தி மாதிரித்தானே சேர் என்று தோட்டத்துப் பையன் கேட்டான். சாதாரணக் கேள்வியில்லை. பாடுகிறவர்கள் தங்கள் பெயரைப் போட்டால் போதும், செத்தவர்களின் பெயரைப் போடத் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

கூட்டமாக நடிக்க லயத்திலிருந்து பதினேழு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 2011இல் தடியோடு காவல் நின்ற அவன் அப்பாவும் வருகிறார். இருட்டில் முகத்தை மறைத்து எடுக்கலாம் என்றபோது, வேண்டாம், தெரியட்டும் என்றாராம். தொழிற்சாலைக்கு ஏறும் பாதை 2025 நவம்பர் டித்வா புயல் மழையில் சரிந்துவிட்டது. அதைத் துப்புரவாக்கிய பிறகுதான் சாமான்களை மேலே கொண்டுபோக முடியும்.