மலைப்பாதையும் கல்லாப் பெட்டியும்

வேலை என்றால் உடல் வருந்துவது, ஓய்வு என்றால் உடல் சாய்ந்திருப்பது என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணி வந்திருக்கிறோம். அப்படியானால், லீவு எடுத்துக்கொண்டு நாட்கணக்கில் மலையும் மேடுமாகச் சைக்கிள் மிதிக்கிறவன் செய்வது வேலையா, ஓய்வா? பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வியாபாரம் செய்யும் நம் குடும்பத்துப் பிள்ளைகளில் யாரேனும் இப்படிப் புறப்பட்டால், "கடையில் நின்று கால் கடுத்தது போதாதா? காசைச் செலவழித்தும் கால் கடுக்க வேண்டுமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். இது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று.

முதலில் அந்தப் பயணம் எத்தகையது என்று பார்ப்போம். கோலாலம்பூரிலிருந்து வடக்கே கோல குபு பாருவுக்குப் போய், பிரேசர் மலைப் பக்கம் வளைந்து வளைந்து ஏறும் பாதையில் 'கேப்' என்னும் கணவாயைக் கடந்தால் ரவூப் வரும். தெற்கே திரும்பினால் பெந்தோங். அங்கிருந்து பழைய சாலையில் கெந்திங் செம்பா ஏறி, கோம்பாக்கில் இறங்கினால் மறுபடியும் தலைநகர். தித்திவங்சா மலைத்தொடரை இரு முறை கடக்கும் சுற்று இது. ஐரோப்பாவிலோ இதனினும் பெரிது உண்டு. ஜெனீவா ஏரிக் கரையிலுள்ள தோனோனிலிருந்து மத்தியதரைக் கடலோரத்து நீஸ் வரை, பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலைகளின் ஊடே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் சாலை. நம் கணக்கில் சொன்னால், கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் போய்த் திரும்புகிற தூரம். வழியிலுள்ள இஸரான் கணவாயின் உயரம் 2,764 மீட்டர். தீபகற்ப மலேசியாவின் உயர்ந்த சிகரமான குனோங் தஹானே 2,187 மீட்டர்தான். இந்த ஏற்றங்களையெல்லாம் பரிசுக்காக அன்றி, விடுமுறைக்காகவே மிதித்துக் கடப்போர் ஆண்டுதோறும் உளர்.

இவ்வளவு வருத்தமும் ஓய்வாகுமா? ஆகும் என்பதே நம் எண்ணம். ஒரு காலத்தில் இந்நகரின் சந்துபொந்துகளில் சைக்கிளின் பின்னால் ரொட்டிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு விடியுமுன் புறப்பட்டவர்களில் நம்மவர் எத்தனையோ பேர். அவர்கள் மிதித்ததும் சைக்கிள்தான், சிந்தியதும் வியர்வைதான். ஆயினும் அது ஓய்வன்று. ரொட்டிக்காரர் நடுவழியில் இறங்கி, "இன்றைக்குப் போதும்" என்று மர நிழலில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் அன்றைய அடுப்பு எரியாது. மலையேறுகிறவனோ எந்த வளைவிலும் இறங்கலாம்; வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கலாம்; திரும்பியும் விடலாம். யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். ஆகவே வேலையையும் ஓய்வையும் பிரிப்பது வியர்வை அன்று. நிறுத்திக்கொள்ளும் உரிமை எவனிடம் இருக்கிறதோ, அவனுக்கே அது ஓய்வு.

வியாபாரிக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நாளெல்லாம் பேரம் பேசிப் பழகியவர்கள் நாம். மலையிடம் பேரம் செல்லாது. முதலாளி என்றோ பழைய வாடிக்கை என்றோ பார்த்து அது ஒரு கஜ தூரத்தையும் தள்ளிக் கொடுக்காது. எவரும் நமக்குப் பணியாத ஓரிடத்தில் சில நாள் இருந்து வருவது மனத்துக்கு நல்லது.

ஆனால் கேள்வி இத்துடன் முடியவில்லை. முதலாளி மலையில் இருக்கும் அந்த ஐந்து நாளும் கடையில் நிற்பவர் யார்? சிப்பந்திகள். அவருடைய பங்கு வேலையையும் சேர்த்துச் சுமப்பவர்கள் அவர்களே. ஓய்வு என்பது நிறுத்திக்கொள்ளும் உரிமை என்று ஒப்புக்கொண்டால், அந்த உரிமை அவர்களுக்கும் உண்டா என்று கேட்காமல் இருப்பது நியாயமாகாது.

சட்டம் இதில் ஓரளவு பேசியிருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு. ஆண்டு விடுமுறை, இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 8 நாள், இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் 12 நாள், அதற்கு மேல் 16 நாள். வார வேலை நேரம் 2023 ஜனவரி 1 முதல் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்துள்ளது. இவை சட்டம் வகுத்த கீழ் வரம்பு. தர்மத்தின் எல்லை அல்ல. லீவு உண்டு என்று ஏட்டில் எழுதிவிட்டு, கேட்கும்போது முகத்தைச் சுளித்தால், கேட்பவன் அடுத்த முறை வாய் திறக்க மாட்டான். கேட்க அஞ்சும் உரிமை அவனுக்கு உரிமையாகுமா?

"சின்னக் கடை, இரண்டே ஆள், எங்கே லீவு விடுவது?" என்பார் சிலர். அவர்களுடைய நெருக்கடி பொய்யன்று. எனினும் நம் முன்னோரை நினைத்துப் பாருங்கள். 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினத்துக்கும் பினாங்கு, கிள்ளான் துறைமுகத்துக்கும் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், பல ஆண்டுக்கு ஒரு முறை ஊர் போனவர்கள் மாதக்கணக்கில் கடையை விட்டுப் போனார்கள். பேரேட்டையும் சாவியையும் பங்காளியிடமோ மூத்த சிப்பந்தியிடமோ ஒப்படைத்தார்கள். அவர் திரும்பியதும் இவர் புறப்பட்டார். முறை வைத்துப் போய் வந்தார்கள், கடையும் நடந்தது. அதற்கு வேண்டியிருந்த முதல், நம்பிக்கை ஒன்றுதான். ஐந்து நாள் நாம் இல்லாவிட்டால் கடை கலைந்துவிடும் என்றால், குறை விடுமுறையில் இல்லை. கடையை நாம் பயத்தினால் நடத்தினோமா, நம்பிக்கையினால் நடத்தினோமா என்பதில் இருக்கிறது.

ஆகவே சைக்கிளில் மலையேறப் புறப்படும் தம்பிகளை நாம் தடுக்க வேண்டியதில்லை. போகட்டும், நெஞ்சும் காலும் உரம் பெறட்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்வோம். சுவரிலுள்ள நாட்காட்டியில் தம்முடைய ஐந்து நாளைக் குறிக்குமுன், கடையில் நிற்பவர்களின் நாட்களைக் குறிக்கட்டும். அந்த நாளில் அவர் தூங்கலாம். ஊருக்குப் போன் போட்டுப் பிள்ளைகளோடு பேசலாம். ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். அது அவர் விருப்பம். மலையேறச் சொல்வதும் நம் வேலையன்று, ஏன் ஏறவில்லை என்று கேட்பதும் நம் வேலையன்று. அந்த நாள் அவருடையது என்று மனமார ஒப்புவதே நம் கடமை.