என் முன்னிலையில்

வங்கிக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் அடிக்கடி சொல்கிற வாக்கியம், 'நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள்' என்பது. எங்கே இருப்பார் என்று கேட்டால் 'கோர்ட் வாசலில்' என்போம். அவர் என்ன செய்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வெகுநாள்வரை எனக்கும் பதில் தெரிந்திருக்காது.

முத்திரை விழுந்துவிட்டால் தாளில் இருப்பது உண்மையாகிவிடுகிறது என்பது பரவலான நம்பிக்கை. அப்படி ஒன்றும் ஆவதில்லை. நோட்டரி என்பவர் 1952ஆம் வருஷச் சட்டப்படி அரசு நியமித்த ஒரு வக்கீல். அஃபிடவிட்டில் ஒருவர் சொல்லும் பொய் சொன்னவருடையதே. நோட்டரி சொல்வது இவ்வளவுதான்: இன்னார், இந்தத் தேதியில், என் முன்னிலையில், சத்தியம் செய்து கையெழுத்திட்டார். மற்றதைப் பற்றி அவருக்கு அபிப்பிராயமே கிடையாது. லத்தீனில் நோட்டாரியஸ் என்றால் சுருக்கெழுத்துக்காரன். ரோமில் பெரும்பாலும் அடிமை. பிறர் பேச்சைக் குறித்துக்கொள்பவனுக்குச் சொந்தக் குரல் எதற்கு?

இந்த வேலையின் சுத்தமான வடிவம் 1881ஆம் வருஷ மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு பில்லுக்குப் பணம் மறுக்கப்பட்டால் நோட்டரி அதை அந்த பில்லின் மீதே குறிக்கலாம். மறுத்த தேதி, காரணம் சொல்லியிருந்தால் அந்தக் காரணம், தன் கட்டணம். காரணம் நியாயமா என்று கேட்பதில்லை. மறுத்தான், இப்படிச் சொன்னான், அவ்வளவே.

முதலில் எனக்கு இது கோழைத்தனமாகப் பட்டது. சாட்சி சொல்பவன் தான் சாட்சி சொல்லும் விஷயத்தை நம்ப வேண்டாமா? இப்போது அப்படித் தோன்றவில்லை. இன்னொருவன் மனசுக்குள் இருப்பதற்கு யார் உத்தரவாதம் தர முடியும்? அவன் வந்தான், நான் பார்த்தேன் என்பதற்குத் தரலாம். படிக்காத புஸ்தகங்களின் மீது நாம் (என்னையும் சேர்த்துத்தான்) குத்துகிற முத்திரைகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ யோக்கியமான காரியம். மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துச் சான்றளிக்கவும் நோட்டரிக்கு அதிகாரம் உண்டு என்பதை நம் மொழிபெயர்ப்பாளர்கள் காதில் போட்டுவைக்க வேண்டும்.

ஆனால் மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தவருக்கு மிஞ்சுவது 'என் முன்னிலையில்' என்ற அந்தச் சொல் மட்டும்தான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மத்தியானம். இறந்துபோன கணவரின் சேமிப்புக் கணக்குக்காக வந்த அம்மாளை அஃபிடவிட் வாங்கிவர அனுப்பினேன். முக்கால் மணியில் திரும்பிவிட்டார். 5 செ.மீ. குறுக்களவில் வட்ட முத்திரை, கையெழுத்து, பதிவு எண், எல்லாம் கிரமமாக இருந்தன. பெருவிரலில் மை காயவில்லை. தாள் முழுக்க இங்கிலீஷ்.

"வக்கீல் வாசிச்சுக் காட்டினாரா அம்மா?"

"வக்கீல நான் எங்க தம்பி பாத்தேன்? டைப் அடிக்கிற பையன்தான் ரேகை வச்சுக்கிட்டு உள்ள போய் வாங்கியாந்தான்."

அந்தத் தாளில் இருந்ததெல்லாம் நிஜம். கணவர் இறந்தது நிஜம். இவர்தான் மனைவி, வேறு வாரிசு இல்லை. இருவரையும் பல வருஷமாக எனக்குத் தெரியும். பொய்யாக இருந்தது நோட்டரி சொன்ன ஒரே ஒரு வாக்கியம்.

திருப்பி அனுப்பியிருக்கலாம். அவர் மறுபடி பஸ் ஏறி, மறுபடி பணம் கட்டி, மறுபடி அந்த வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். முன்பின் தெரியாத ஒரு மனிதர் ஒரு கணம் தலை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்ப்பதற்காக. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? இரக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாப்பாட்டு நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது. தாளின் ஓரத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி இனிஷியல் போட்டேன்.