இரண்டு நிமிடத்தில் வரும் எண்

1952 ஆகஸ்டில் கோபன்ஹேகனின் பிளெக்டாம் மருத்துவமனை போலியோ நோயாளிகளால் நிரம்பி வழிந்தது. மூச்சுத் தசைகள் செயலிழந்து இயந்திரத்தில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். ஆய்வகம் சும்மா இருக்கவில்லை. ரத்தத்தில் கரியமில வாயுவின் மொத்த அளவு மிகுந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. ரத்தத்தில் காரம் கூடிவிட்டது என்று மருத்துவர்கள் அதற்குப் பொருள் கொண்டார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் மட்டும் அதே எண்ணைப் பார்த்து, மூச்சு போதாமல் வாயு உள்ளேயே தேங்குகிறது என்றார். ஆய்வகத் தலைவர் பௌல் ஆஸ்ட்ரூப் அமில அளவைச் சோதித்தபோது இப்சன் சொன்னதே சரியாயிற்று. பிறகு தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, மருத்துவ மாணவர்கள் முறை வைத்து ரப்பர் பையைக் கையால் அழுத்தியே பலரைப் பிழைக்க வைத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்த கதை இது.

அன்று குறைவாக இருந்தது எண் அல்ல. இன்று கட்டிலருகிலேயே ரத்தத்தைச் சோதிக்கும் கையடக்கக் கருவியைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

அவசரத்துக்கு நியாயம் உண்டு. ஊசிக்குழலில் ஏறிய பிறகும் ரத்தம் உயிரோடுதான் இருக்கிறது. அணுக்கள் சர்க்கரையைத் தின்கின்றன, மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை. பதிலுக்கு லாக்டேட்டைச் சேர்த்துவைக்கின்றன. அதனால்தான் ஐஸில் வைத்து லேபுக்கு ஓடுகிறார்கள். முடிவு வருவதற்குள் கட்டிலில் இருப்பவரின் நிலையே மாறியிருக்கும். 1992-இல் விற்பனைக்கு வந்த ஐ-ஸ்டாட் என்ற கையடக்கக் கருவி இந்த ஓட்டத்தை நிறுத்தியது. சிலிக்கான் சில்லில் படிந்த மெல்லிய மின்முனைகள், சிறு கார்ட்ரிட்ஜ், இரண்டு மூன்று சொட்டு ரத்தம், ஏறக்குறைய இரண்டு நிமிடம்.

ஆனால் அந்த ஓட்டத்தின் மறுமுனையில் ஒருவர் இருந்தார். லேபில் ரத்தத்தைச் சுழற்றியதும் மேலே தெளிந்த நீர் நிற்கும். அது சிவந்திருந்தால், எடுக்கும்போதே அணுக்கள் உடைந்துவிட்டன என்று டெக்னீஷியன் கண்டுகொள்வார். சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிட இருபது மடங்குக்கும் மேல். கொஞ்சம் கசிந்தாலும் கணக்கு பொய்யாகிவிடும். கட்டிலருகே கார்ட்ரிட்ஜில் இறங்குவது சுழற்றாத முழு ரத்தம். அதில் உடைந்ததும் உடையாததும் ஒரே சிவப்பு. “சாம்பிள் சரியில்லை, மறுபடி எடுங்க” என்று ஃபோனில் சொல்ல அங்கே ஆள் இல்லை. (அந்த ஃபோனை எல்லோரும் சலித்துக்கொண்டுதான் எடுப்பார்கள்.)

நாம் வீணென்று நினைத்த அந்தத் தாமதத்துக்குள் இன்னொருவரின் சந்தேகமும் இருந்திருக்கிறது. தாமதத்தை நீக்கினால் அதுவும் சேர்ந்தே போகிறது. ரத்தம் எடுத்தவரே எண்ணைப் படித்து, அவரே நம்பவோ மறுக்கவோ வேண்டியிருக்கிறது.

திரையில் பொட்டாசியம் 6.8. மருத்துவர் முதலில் மானிட்டரைப் பார்க்கிறார். இதய வரைபடத்தில் அலை கூர்ந்து எழும்பியிருந்தால் மறு சோதனைக்குக் காத்திராமல் கால்சியம் ஏறும். அலை வழக்கம்போல இருந்தால், ரத்தம் எடுத்த நர்ஸிடம் ஒரு கேள்வி: “சிஸ்டர், எங்கேர்ந்து எடுத்தீங்க? கஷ்டப்பட்டு இழுத்தீங்களா?”